எனக்கு இல்லாத பெரியப்பா

பண்பாட்டு ஆய்வு என்பது அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைத்துவிட்டு, அதற்கு அடிக்குறிப்பும் போடுகிற தொழில். நாய் துரத்த, பஸ் கைவிட, மூடின கதவைத் தட்டி, "உங்க தாத்தாவுக்கு எத்தனை சம்சாரம்?" என்று கேட்டுவிட்டு அடி வாங்காமல் திரும்பிய என் சக ஆய்வாளர்களே, இது உங்களுக்காக எழுதுவது. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்த சமயம் நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். யார் யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அதற்கும் சாமிக்கும் கல்யாணத்துக்கும் என்ன தொடர்பு என்பதுதான் தலைப்பு. எனக்கு ஊர் திண்டிவனம். அப்பாவுக்கு அங்கே மல்லாட்டை மண்டி. நிலக்கடலை என்று சொன்னால்தான் புரியும் என்பவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம். சுற்றுப்பட்ட கிராமத்து மூட்டையெல்லாம் அவரிடம்தான் வரும். ஆய்வுக்கு இது பெரிய வசதி என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்கப் போன முதல் நாள்

ஒலக்கூர்ப் பக்கம் ஒரு கிராமம். முனியம்மா என்பவர் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். வினாத்தாளை எடுத்து மடியில் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். எந்த ஊர், யார் பெண், கூடப் பிறந்தவர் எத்தனை பேர், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, மாப்பிள்ளை அமையவில்லையா, இல்லை நான்தான் வேண்டாம் என்கிறேனா, கையில் இருக்கிற டேப் ரிக்கார்டர் சொந்தமா, இரவலா என்று வரிசையாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். மண்டிக்காரர் மகள் என்றதும், அவர் வீட்டு மூட்டையும் எங்கள் மண்டிக்குத்தான் வருகிறது என்று தெரிந்து மோர் வந்தது.

மோரைக் குடித்து முடித்தபோது என் வம்சம் முழுக்க அவர் கையில் இருந்தது. என் தாளில் அவர் பெயர் மட்டும் இருந்தது. அதுவும் அவர் பெயரில்லை. புது ஜில்லா ஆபீசிலிருந்து கணக்கெடுக்க வந்திருப்பதாக நினைத்து முதலில் நாத்தனார் பெயரைக் கொடுத்திருந்தார். நான் விழிப்பதைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னார்:

"நான் கேக்க வேண்டியதெல்லாம் கேட்டுட்டேன். உனக்கு எதுனா கேக்கணும்னா ஜல்தியா கேளு, உலை கொதிக்குது."

பெரியப்பா பிறந்தார்

துறையில் இருந்தது ஒரே ஒரு நல்ல டேப் ரிக்கார்டர். முதல் நாள் நான் மட்டும் கொண்டுபோன அதை, அப்புறம் எனக்கும் அருளப்பனுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அருளப்பன் விழுப்புரத்துக்காரர், கத்தோலிக்கர், மாதா கோவில் திருவிழாக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவி ஒன்று, ஆள் இரண்டு என்பதால் சேர்ந்தே போக வேண்டியதாயிற்று. வயசுப் பெண்ணும் வயசுப் பையனும் ஊர் ஊராகச் சுற்றினால் என்ன சொல்வார்கள் என்று எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டேன். அண்ணன் தங்கச்சி என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். வெளியாட்கள் சொல்லிக்கொள்கிற முறையெல்லாம் வெறும் மரியாதைச் சொல், அதை யாரும் பிடித்துக்கொண்டு தொங்க மாட்டார்கள் என்று தைரியமும் கொடுத்தார்.

முனியம்மா பிடித்துக்கொண்டு தொங்கினார். இரண்டு பேருமாகப் போய் நின்றதும், மண்டிக்காரர் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், அண்ணன் கழுத்தில் சிலுவை தொங்குகிறதே, எப்படி என்று கேட்டார். "பெரியப்பா பையன்" என்று சொல்லிவைத்தேன். பெரியப்பா ஏன் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானார் என்று அடுத்த கேள்வி. எங்கள் அப்பா ஒரே பிள்ளை; நல்லவேளை, முதல் நாள் முனியம்மா அதை மட்டும் கேட்கவில்லை. பிறந்து ஒரு நிமிஷம்கூட ஆகாத பெரியப்பாவுக்குக் காரணம் தேடி நான் திணற, அருளப்பன் அக்கறையாக டேப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் முனியம்மாவே காரணத்தையும் கண்டுபிடித்தார்:

"பொம்பள விசயமா இருக்கும். சரி வுடு, பெரிய எடத்து பேஜாரு நமக்கெதுக்கு?"

சாமியும் பங்காளியும்

கண்டமங்கலம் பக்கத்தில் ஒருவரைப் பார்க்கப் போனோம். பாண்டிச்சேரி மில்லுக்கு சைக்கிளில் போய்வருகிற கத்தோலிக்கர். அவர் முப்பாட்டன் காலத்தில் குடும்பம் இரண்டாகி, ஒரு கிளை சர்ச்சுக்குப் போயிற்று, ஒரு கிளை மாரியம்மன் கோவிலிலேயே நின்றுவிட்டது. இரண்டு வீடும் அடுத்தடுத்த தெரு. நாங்கள் போன சமயம் அந்த மாரியம்மன் கோவில் கிளை வீட்டில் ஒரு சாவு. இவர் வீட்டில் அன்று மீன் ஆக்கவில்லை. மகள் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்தையும் தள்ளிவைத்திருந்தார்.

அருளப்பனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மதமே வேறு ஆகிவிட்டதே, அவர்கள் வீட்டுத் தீட்டு உங்களுக்கு எப்படி வரும் என்று கேட்டார். அந்த மனிதர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இதெல்லாம் தெரியாமலா உங்களைப் படிக்க வைத்தார்கள் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"சாமிய மாத்திக்கினோம் சார். பங்காளிய எப்பிடி மாத்திக்கறது?"

பெருமுக்கல் மலையில்

பஸ்ஸில் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். அருளப்பன் சிரிக்கிறபோது நான் டேப்பைக் கவனிக்காமல் அவரையே கவனித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்கு முன்பே பல நாளாக அப்படித்தான்.

வேண்டுதல்களைப் பற்றிக் கேட்க ஒருநாள் பெருமுக்கல் மலைக் கோவிலுக்குப் போனோம். பாதி மலையில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டார். மலையேறின மூச்சா, கேட்ட மூச்சா தெரியவில்லை, இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. சரி என்றேன். என் வாழ்க்கையிலேயே நான் யோசிக்காமல் சொன்ன பதில் அதுதான். எழுந்து இரண்டு பேரும் மேலே நடந்தோம். எதிரே இறங்கி வந்த பூக்கார அம்மாள் எங்களை ஒலக்கூர்ச் சந்தையில் பார்த்திருக்கிறார். அன்போடு சொன்னார்:

"தங்கச்சி கையப் புடிச்சி ஏத்து தம்பி, பாறை வழுக்குது."

அப்பாவின் கள ஆய்வு

வீட்டில் சொன்னேன். அப்பா கத்துகிறவர் இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். வேற மதமா என்றார். சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை கழுவினார். மறுநாள் காலையில், பையன் எப்படிப்பட்டவன் என்று விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். விழுப்புரத்தில் அவன் தெருவில் விசாரித்தால் பழகின தோஷத்துக்கு நல்லதாகத்தான் சொல்வார்கள், வேலை செய்கிற இடத்தில்தான் ஆளின் குணம் தெரியும் என்பது அவர் கணக்கு. வேலை செய்கிற இடம் என்றால் ஒலக்கூர்ப் பக்கம். தடுக்கலாம் என்று ஓடினேன், டி.வி.எஸ். ஃபிஃப்டி கிளம்பிவிட்டது.

சாயங்காலம் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்தால் கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை. அருளப்பன் தங்கமான பையன் என்று ஊரே ஒரே குரலில் சொன்னதாம். தங்கச்சி மேல் உயிரையே வைத்திருக்கிறானாம். அப்படிப்பட்ட சொந்த அண்ணன் மகனைப் பற்றி ஊராரிடம் விசாரிக்க வந்திருக்கிறாயே, உனக்கே நல்லாயிருக்கா என்று முனியம்மா கேட்டாராம். அப்பா என் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாகச் சொன்னார்:

"எனக்கு ஒரு அண்ணன் இருக்கறதே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அவன் பங்கக் குடுக்காம நான்தான் வீட்ட விட்டுத் தொரத்திட்டனாம்."

உண்மை சொல்லிப் பார்த்தேன்

சிரிக்கிற விஷயமாக இருந்தது அன்றோடு முடிந்தது. மதம் வேறு என்றால் ஊர் ஒரு மாசம் பேசும், அப்புறம் வேறு ஒன்று கிடைத்துவிடும் என்றார் அப்பா. முறை தப்பிவிட்டது என்று பேச ஆரம்பித்தால் பேரப்பிள்ளை காலத்துக்கும் நிற்காது, எந்த முகத்தோடு மண்டியில் உட்காருவது என்றார். அவர் பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை. பயந்துபோயிருந்தார். இந்தக் கல்யாணம் நடக்காது என்று சொல்லிவிட்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். நான் அழுதேன். உறவுமுறைச் சொற்களைப் பற்றி இருநூறு பக்கம் எழுதி வைத்திருந்தவள், ஒரே ஒரு சொல்லால் அருளப்பனை இழந்துவிடுவேன் போலிருந்தது.

உண்மையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று முனியம்மாவிடம் ஓடினேன். அவர் அண்ணனே இல்லை, பெரியப்பாவும் பொய், காலேஜில் சொல்லச் சொன்னதைச் சொன்னோம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். முனியம்மா முறத்தைக் கீழே வைத்தார். முகம் இறுகிவிட்டது.

"அப்போ இத்தினி நாளா நீ யாருகூட சுத்திக்கினு இருந்த?"

அஞ்சலை அத்தை

அஞ்சலையை முன்பே சொல்லியிருக்க வேண்டும். மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கருவாட்டுக் கூடையோடு முதல் பஸ்ஸில் திண்டிவனம் வருவார். எங்கள் மண்டி வாசலில் கூடையை இறக்கி ஒரு டீ குடித்துவிட்டு, ஒலக்கூர் வரைக்கும் ஊர் ஊராக விற்றுக்கொண்டு போவார். அப்பாவை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். நாற்பது வயதிருக்கும், எனக்கு அத்தை. ஆனால் அண்ணன் என்று ஒரு பைசா குறைக்க மாட்டார், அப்பாவும் தங்கச்சி என்று பேரத்தை விடமாட்டார். அருளப்பன் கடல் வழிபாட்டைப் பதிவு செய்யக் குப்பத்துக்குப் போகிறபோதெல்லாம் இவர் வீட்டில்தான் சாப்பாடு. மீன் குழம்பு ருசியில் அவரை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது.

அப்பா முகம் சரியில்லை என்று அஞ்சலை விசாரிக்க, அவரும் அடக்கமாட்டாமல் சொல்லிவிட்டார். நான் உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன்னை நான் என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறேன் என்று அஞ்சலை கேட்டார். அண்ணே என்று என்றார் அப்பா. உன் பொண்ணு எனக்கு என்ன வேணும்? மருமக. அந்தப் பையன் என்னை எப்படிக் கூப்பிடறான்? அம்மா என்று. அவ்வளவுதான், கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அஞ்சலை தீர்ப்பைச் சொன்னார்:

"அண்ணன் பொண்ணு தனியா ஊரு சுத்துதேன்னு நான்தான் என் புள்ளயத் தொணைக்கு அனுப்பிச்சேன். அண்ணன் தங்கச்சின்னு சொன்னது ஆபீஸ் மொற, இது வூட்டு மொற. மாமன் பொண்ண அத்த புள்ள கட்டிக்கறதுக்கு எவன் வாயத் தொறப்பான்?"

முனியம்மாவின் தீர்ப்பு

அன்றைக்கு ஆரம்பித்து ஊர் ஊராகக் கருவாட்டோடு இந்தச் சேதியும் போயிற்று. அஞ்சலைக்கு அருளப்பன் பெற்ற பிள்ளை இல்லை என்பதும், அப்பா கூடப் பிறந்த அண்ணன் இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள முறையாக ஒன்று கிடைத்துவிட்டது, அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள். அப்பாவும் ஒப்புக்கொண்டார். "அவ சும்மாவா என்னை அண்ணேன்னு கூப்பிடறா?" என்று என்னிடமே கேட்டார். முறைக் கவலை போன ஜோரில் மதக் கவலை எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அதை அவருக்கு ஞாபகப்படுத்த நானும் போகவில்லை.

பத்திரிகை கொடுக்க இரண்டு பேருமாக முனியம்மா வீட்டுக்குப் போனோம். அவர் பத்திரிகையை வாங்கி மஞ்சள் தடவின மூலையைப் பார்த்தார், அருளப்பனைப் பார்த்தார்.

"எனக்கு அப்பவே தெரியும். அண்ணன் தங்கச்சின்னா ஒரு நாளாவுது அடிச்சிக்காம இருப்பாங்களா?"

பந்தியில்

ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து, விழுப்புரத்தில் ஆசீர்வாதம், திண்டிவனத்தில் சாப்பாடு என்று கல்யாணம் நடந்தது. அருளப்பனின் அம்மாவும் அஞ்சலையும் ஒரே மாதிரிப் பட்டுப்புடவையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். யார் மாப்பிள்ளையின் அம்மா என்று கேட்டவர்களுக்கு இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஒற்றை மாமியாரிடமே படாத பாடு படுகிறவர்கள் என் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிப் பேராசிரியரும் வந்திருந்தார். முறைச் சொல் வெறும் மரியாதைச் சொல் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த புது அத்தியாயத்துக்குச் சான்று எங்கே என்று கேட்டிருந்தவர், பந்தியில் உட்கார்ந்து சான்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எல்லாரும் கலைந்த பிறகு அப்பா அஞ்சலைக்கு வெற்றிலைப் பாக்குத் தட்டை நீட்டினார். தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அஞ்சலை தட்டை வாங்கிக்கொண்டு, எந்தச் சலனமும் இல்லாமல் சொன்னார்:

"இத்தோட கருவாட்டுக்கு பேரம் பேசறத வுட்டுடு அண்ணே. சம்பந்திகிட்ட பேரம் பேசற வழக்கம் எங்க ஊர்ல இல்ல."

பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்தது பட்டம் மட்டும்தான், மாப்பிள்ளையைக் கொடுத்தது கருவாட்டுக் கூடை.