ஆள் இறங்கிய பிறகும் ஓடிய எஞ்சின்

போன வாரம், ஈப்போவில் நான் வேலை பார்க்கும் சர்வீஸ் மையத்துக்குத் தாப்பாவிலிருந்து ஒருவர் புது டர்போ காரில் வந்தார். பட்டனை அழுத்தி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். முன்மூடிக்குள் காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்ன லா தங்கச்சி, நிப்பாட்டியும் அடங்க மாட்டேங்குது? கெட்டுப்போச்சா?"

"இல்லண்ணே, டர்போ சூடா இருக்கு. அதுவே ஆத்திக்கும். நீங்க போய் டீ குடிங்க."

அவர் போய்விட்டார். என்னால்தான் நகர முடியவில்லை. சூடான எஞ்சின் எண்ணெயின் வாசம் உங்களுக்கு நாற்றமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அதற்கு, அண்ணன் வந்துவிட்டான் என்று பொருள்.

நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்ற பிறகு அம்மா, அண்ணன், நான் மூவரும் லகாட்டில் ஒரு வரிசை வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். அண்ணன் ஒரு பழைய குட்டிக் காரை வாங்கி, ஜப்பானில் பாதியாக வெட்டி அனுப்பும் கார்களை விற்கும் கடையில் டர்போ எஞ்சின் பிடித்து மாட்டினான். எதையும் வரிசை போடும் புத்தி எனக்கு அப்போதே உண்டு. அவன் செய்வதையெல்லாம் மனத்தில் அடுக்கிக்கொண்டேன். காலையில் கிளப்பியதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தக் கூடாது; சத்தம் தணியும்வரை பொறுக்க வேண்டும். எண்ணெய் சூடாகும்வரை மெதுவாகத்தான் போக வேண்டும். திரும்பி வந்ததும் சட்டென்று அணைக்கக் கூடாது. டர்போ தகிக்கும்போது எண்ணெய் ஓட்டம் நின்றால் அது உள்ளேயே கருகிவிடும்.

பசியோடு வருகிறவனுக்கு இந்தக் கடைசி விதிதான் பெரும்பாடு. அதற்காக ஒரு டைமர் பொருத்தினான். சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடலாம். கார் ஆளில்லாமல் கொஞ்ச நேரம் ஓடித் தானே நிற்கும்.

முதல் நாள் அம்மா வாசலுக்கு ஓடினார்.

"டேய், காடியில யாருடா? பேய் கீய் ஓட்டுதா?"

"பேய்க்கு லைசென்ஸ் இல்லம்மா. சோத்தப் போடு."

அதுவே வழக்கமானது. எஞ்சின் ஓடும்போது அம்மா சோறு போடுவார். அது நிற்பதற்குள் அவன் கைகழுவி உட்கார வேண்டும். "உன் காடியே அடங்கிருச்சு, நீ இன்னும் ஃபோன நோண்டிக்கிட்டு இருக்க!"

அண்ணன் டெங்கிக் காய்ச்சலில் போய்விட்டான்.

பேட்டரி செத்துவிடக் கூடாதே என்று ஞாயிறுதோறும் நான் காரை எடுத்தேன். எங்கள் பழைய தோட்டம்வரை ஓட்டுவேன். இப்போது அங்கே முழுக்கச் செம்பனை. முதல் ஞாயிறு திரும்பி வந்து சாவியோடு உள்ளே நுழைந்தபோது, மேசையில் அவன் தட்டில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. அம்மாவும் நானும் அதையே பார்த்து நின்றோம். வெளியே எஞ்சின் அடங்கியது.

"நீ சாப்புடு. ஆறிப்போவுது."

அடுத்த ஞாயிறும் தட்டு இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும். மற்ற நாள்களில் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. காரை விற்றால் இவர் என்னாவார், வைத்திருந்தால் என்னாவார் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் மெல்லக் கேட்டார்.

"அது இன்னும் கொஞ்ச நேரம் ஓடற மாதிரி வைக்க முடியுமா?"

முடியும். டைமரின் பட்டனை அழுத்தி நேரத்தைக் கூட்டினால் போதும். எஞ்சினுக்கு அது தேவையில்லை என்று தெரிந்தே கூட்டி வைத்தேன்.

அந்த ஞாயிறு எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா அகப்பையைப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அணைச்சிரு," என்றார் கடைசியில். "எறங்குற மாதிரியே இருக்கு. வர மாட்டேங்குறான்."

போய் அணைத்தேன்.

கோலா கங்சாரிலிருந்து ஓர் இளைஞர் வந்து காரை வாங்கினார். கிளப்பிய கையோடு பின்னால் எடுக்கப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி, அவசரப்படாத லா. கொஞ்சம் சத்தம் கொறையட்டும். அப்புறம் மெதுவா போ."

அவர் காத்திருந்தார். அம்மாவும் கதவருகிலேயே நின்றார். சத்தம் தணிந்ததும் ஒதுங்கி வழிவிட்டார்.

இப்போது நான் ஓட்டும் கார் சத்தமே போடாது. நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கதவைத் திறக்கும்வரை நான் வந்திருப்பது அம்மாவுக்குத் தெரிவதில்லை. அதன் பிறகுதான் அடுக்களையிலிருந்து குரல் வரும்.

"யாரு?"