பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் ஒரு ஹார்ட்கோர் ஆல்பம்

ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்துவதில் காதுக்குப் பாதி வேலைதான்; மீதி வேலை முகத்துக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சுதியை எந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாலும், இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் முகம் மாறக் கூடாது. தையல் கடையோ ஜெராக்ஸ் கடையோ, வாடிக்கையாளர் எதிரில் சிரிப்பை விழுங்கியே வயிறு நிறைந்தவர் யாருக்கும் இனி நான் சொல்லப்போவது புரியும்.

என் ஸ்டுடியோ செங்கல்பட்டில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடி. ஆடி மாதம் அம்மன் பாட்டு, தை முடிந்தால் பள்ளிக்கூட ஆண்டு விழா, மற்ற நாளெல்லாம் காய்கறி வண்டி விளம்பரம். மதுராந்தகம் பக்கம் குட்டி யானை வண்டியில் தக்காளி, வெங்காயம் என்று கூவும் பெண் குரல் என்னுடையதுதான். கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் மட்டும், "நீங்க வெங்காயம்தானே?" என்பார்கள். அப்படிப்பட்டவளிடம்தான் போஸ்ட்-ஹார்ட்கோர் என்று ஏதோ ஒரு வகை ராக் பேண்டின் முதல் ஆல்பம் வந்து சேர்ந்தது.

அதிகாரிகள் வருகை

"மேடம், தூண்டில் வளைவுலேர்ந்து பேசறோம். ரெக்கார்டிங் பண்ணணும்" என்று போன் வந்தது. கரையைக் கடல் அரிக்காமல் இருக்க, பாறாங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டி விடுவார்களே, அதுதான் தூண்டில் வளைவு. ஏதோ அரசாங்க அறிவிப்பு போலிருக்கிறது என்று நினைத்து ஸ்டுடியோவைப் பெருக்கி, நல்ல பிஸ்கட் வாங்கி வைத்து, புடவைகூட மாற்றிக்கொண்டேன்.

வந்தவர்கள் மூன்று பேர். கித்தார் வாசிக்கும் மேகலா கல்பாக்கத்துப் பெண். டிரம்ஸ் பிரபு அச்சரப்பாக்கத்து விவசாயி வீட்டுப் பையன். இரண்டு பேரும் பொத்தேரி காலேஜில் படித்து முடித்தவர்கள். மூன்றாவது ஆள் தேசிங்கு, மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பம், மாமாவின் மீன் வண்டியை ஓட்டுகிறவர். பொத்தேரி மெஸ் வாசலில் வண்டி நிறுத்துவதில் வந்த தகராறில் இவர் போட்ட கூச்சலைக் கேட்டுத்தான், "இந்தத் தொண்டை நமக்கு வேணும்" என்று மேகலா கையோடு பேண்டில் சேர்த்தாளாம். பெயர்க் காரணம் கேட்டேன். "கல்லு கொட்டுங்கன்னு எங்க ஊர்ல மனு குடுத்து குடுத்து ஓஞ்சுட்டோம்கா. ஊருக்குத்தான் வரல, பேண்டுக்காவது இருக்கட்டும்னு வச்சோம்" என்றார் தேசிங்கு.

பிஸ்கட்டைத் தின்றுகொண்டே ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார்கள். முதல் பாதி தாலாட்டு மாதிரி இதமாக இருந்தது. பிறகு தேசிங்கு கண்ணை மூடிக்கொண்டு ஒன்று செய்தார் பாருங்கள், பங்காளிச் சண்டையில் வரப்பில் நின்று கத்துகிறவனுக்குக்கூட அந்தக் குரல் வராது. வலிப்போ என்று பயந்து தண்ணீர்ச் செம்போடு ஓடினேன். அவர் கண்ணைத் திறந்து நிதானமாகச் சொன்னார்: "இது சும்மா மெதுவா பாடிக் காட்னதுக்கா. மைக்குன்னா கொஞ்சம் சத்தமா வரும்."

வலியில்லாமல்

முதல் நாள் பதிவு. ஸ்டுடியோ சுவருக்கெல்லாம் பஞ்சு அடித்திருக்கிறேன், தரைக்கு அடிக்கவில்லை. அம்மன் பாட்டுக்குத் தரை வழியாகச் சத்தம் இறங்கியதில்லை. தேசிங்கின் குரல் இறங்கியது. நேராகக் கீழே, பல் டாக்டரின் வரவேற்பறைக்கு.

அங்கே தாடை வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர், உள்ளே யாருக்கோ பல் பிடுங்குகிறார்கள் என்று முடிவு செய்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர். துணைக்கு வந்த அம்மாள்கூட, தனக்கு ஒரு பல்லும் ஆடாத நிலையிலும், ஓடியிருக்கிறார். டாக்டர் சாது மனிதர். முகத்தில் மாஸ்கோடு மாடிக்கு வந்து, வாசலில் நின்றே சொன்னார்: "வலியில்லாம பல் எடுக்கறவன்னு இந்த ஊர்ல பேர் வாங்கி வச்சிருக்கேன்மா. அந்தத் தம்பியையும் கொஞ்சம் வலியில்லாம பாடச் சொல்லுங்க."

மீன் வண்டிக்கு செக்ஷன் இல்லை

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி லீவு. டிரம்ஸும் கித்தாரும் ஞாயிறுகளில் முடிந்தன. தேசிங்கு மட்டும் ஞாயிறு வர முடியாது. ஊரே மீன் தின்கிற நாளில் மீன் வண்டிக்காரர் எப்படி வருவார்? என்ன செய்வது என்று அவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, சும்மா பின்னால் அறை மாதிரி இருந்த ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டு ஒரு தட்டு தட்டினேன். எதிரொலியே இல்லை. ஐஸ் உருகாமல் இருக்கக் கனமான சுவர் வைத்துக் கட்டிய பெட்டி. குரல் பதிவுக்கென்றே செய்தது போல் இருந்தது. நாற்றத்தை மைக் பிடிக்காது என்பது நம் தொழிலின் பெரிய வசதி.

மாமல்லபுரம் சாலையோரம் சவுக்குத் தோப்பில் மத்தியானம் வண்டியை நிறுத்தினோம். தண்ணீர் வடியும் ஓட்டை வழியாக ஒயரை உள்ளே விட்டு, முன் சீட்டில் லேப்டாப்போடு நான். பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு தேசிங்கு. வெளியே கேட்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? பூட்டிய வண்டிக்குள் ஒரு மனிதன் அலறுகிறான், முன்னால் ஒரு பொம்பளை காதை அடைத்துக்கொண்டு தலையாட்டுகிறாள். காரில் சுற்றுலா வந்த ஒரு குடும்பம் போலீசுக்குப் போன் போட்டுவிட்டது.

ஜீப் வந்தது. "உள்ள யாரும்மா?" என்றார் எஸ்.ஐ. "பாடகர் சார்" என்றேன். கதவைத் திறந்தால், வேர்த்துக் கொட்டி, சட்டையெல்லாம் செதிலோடு, மீன் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் நின்றபடி தேசிங்கு, "வணக்கம் சார்" என்றார். எஸ்.ஐ. ஹெட்போனை வாங்கிக் கேட்டார். கான்ஸ்டபிளிடம் கொடுத்து அவரையும் கேட்கச் சொன்னார். அப்புறம் புகார் சொன்னவருக்குப் போன் போட்டார்: "பாத்துட்டோம் சார். கடத்தல் இல்ல, பாட்டு... இல்லீங்க சார், பாட்டுக்கு செக்ஷன் கிடையாது."

பழுது நீக்கப்பட்டது

மேகலாவின் அப்பா கல்பாக்கத்தில் இன்ஜினியர். மகள் வீட்டில் வாசிக்கும்போதெல்லாம் அவர் முகம் வாடுமாம். இசை பிடிக்காமல் இல்லை. கருவி கெட்டுப்போயிருக்கிறது, பாவம், குழந்தை அதை வைத்துக்கொண்டே சமாளிக்கிறது என்று நினைத்திருக்கிறார். கித்தார் சத்தத்தைக் கரகரப்பாக்கவென்றே அவள் ஆசைப்பட்டு வாங்கிய காலால் மிதிக்கும் பெட்டி ஒன்று உண்டு. ஒரு லீவு நாளில் அதைக் கழற்றி, பற்றவைத்து, மூடி, துடைத்து, அவரே ஸ்டுடியோவுக்கு எடுத்து வந்தார்.

மேகலா மிதித்தாள். மார்கழிக் கச்சேரி மாதிரி, சுத்தமான, தெளிவான, கண்ணீர் வரவழைக்கும் நாதம் வந்தது. கண்ணீர் பிரபுவுக்கு நிஜமாகவே வந்தது. நான் முகத்தை மாற்றாமல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்பா பூரிப்போடு எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "சிக்னல் ரொம்ப மோசமா வெட்டுப்பட்டிருந்தது. சரி பண்ணிட்டேன். இனிமே அந்தக் கர்முர் சத்தம் ஜென்மத்துக்கும் வராது!"

அச்சரப்பாக்கம் ரூட்

பென் டிரைவ் எல்லாம் ஒரே நிறம். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. காய்கறி வண்டி ஏழுமலைக்குப் போக வேண்டியது பேண்டிடம் போயிற்று. பேண்டுக்குப் போக வேண்டியது ஏழுமலை வண்டியில் ஏறி, காலை வெயிலில் அச்சரப்பாக்கத்துத் தெருத் தெருவாகப் போயிற்று. எனக்கு விஷயம் தெரிந்து போன் போட்டால் ஏழுமலை எடுக்கவில்லை. அடி வாங்கிக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் அவரே நேரில் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். "அக்கா, நீ வெங்காயம்னு கூவுனா ஒருத்தரும் வூட்ட வுட்டு வர மாட்டாங்க. இன்னிக்கு சண்டை போட தெருவே வெளிய வந்துச்சு. வந்தவங்க சும்மாவா போவாங்க, ஆளுக்கு ஒரு கிலோ வாங்கிகினு போய்ட்டாங்க. இதே பாட்ட தக்காளிக்கு வச்சுக்கறேன், வேற ஒண்ணு கத்திரிக்காய்க்கு போட்டுக் குடு."

கடைசிப் பாட்டு

எல்லாப் பாட்டும் முடிந்து ஒன்று பாக்கி இருந்தது. அந்த நேரம் பார்த்து தேசிங்கின் குரல் போய்விட்டது. தொண்டை டாக்டர், கொஞ்ச காலத்துக்கு முணுமுணுக்கக்கூடக் கூடாது, மீறினால் குரல் திரும்பாது என்று எச்சரித்து அனுப்பினார். பிரபுவுக்கோ பூனாவில் வேலை, மறுநாள் ரயில். மேகலா கித்தாரை உறையில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். கடைசிப் பாட்டு தேசிங்கின் வீட்டைப் பற்றியது. அந்த வீடு இப்போது இல்லை. கடலில் இருக்கிறது. இதை விட்டுவிட்டு ஆல்பம் போடுவதில் யாருக்கும் மனசில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல், மைக்கும் ஒயரும் மாட்டியபடியே குப்பத்துக் கரையில் வண்டி நின்றது. தேசிங்கு திறந்த பெட்டிக்குள் மைக் முன்னால் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் அம்மா கன்னியம்மா கஞ்சி எடுத்து வந்தார். "தொண்ட போற அளவுக்கு இன்னாடா பாட்டு?" என்று கேட்டார். மகன் பேசக் கூடாதே, மேகலா போனைப் பார்த்துப் படித்தாள்: "ஒரே இரவில் கடல் வந்து என் வீட்டைக் கொண்டு போனது..."

"யார்ரா சொன்னது ஒரே ராத்திரின்னு?" என்றார் கன்னியம்மா. கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தார். "மொதல்ல கொல்லைல இருந்த முருங்கைய தின்னுச்சு. அப்புறம் குளிக்கற தட்டி. அப்புறம் அடுப்படி செவுரு. ஒவ்வொண்ணா, நம்ம கண்ணு முன்னால, நாம சோறு ஆக்கிகினு இருக்கறப்பவே..." பேசப் பேசக் குரல் ஏறியது. மகனிடம் ஆரம்பித்தவர் எப்போது கடல் பக்கம் திரும்பினார் என்று நான் கவனிக்கவில்லை. மீன் ஏலத்தில் பத்துப் பேர் சத்தத்தைத் தாண்டி விலை சொல்லிப் பழகிய தொண்டை அது. கடைசியில் "நாசமாப் போக!" என்று ஒன்று விட்டார். என் கை தானாகப் பொத்தானுக்குப் போயிருந்தது, முழுக்கப் பதிவாகிவிட்டது. என் முகம் என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. பிரபு திரும்பி நின்றுகொண்டான்.

கேட்காமல் எடுத்தது தப்பு. அதனால் ஹெட்போனை அவர் காதில் மாட்டி, நடந்ததைச் சொல்லிப் போட்டுக் காட்டினேன். வேண்டாம் என்றால் அழித்துவிடுவதாகவும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "எத்தினி பேராண்ட சொல்லியிருப்பேன், ஒருத்தன் காதுல வாங்குனான்றியா? நீ ஒரே வாட்டியிலயே புடிச்சிக்கினியே. அப்டியே போடு கண்ணு. அந்த 'நாசமாப் போக' மட்டும் எடுத்துடு, நாளைக்கும் நாங்க அதுங்கிட்டதான பொழைக்கணும்."

விமர்சனம்

ஆல்பம் இணையத்தில் வெளிவந்தது. கன்னியம்மா குரலுக்கு அடியில் மேகலா ஒரே ஒரு கித்தார் வைத்தாள், அவ்வளவுதான். (பழுது நீக்கப்பட்ட பெட்டி அந்தப் பாட்டுக்குத்தான் உதவியது, அப்பாவுக்கு ஏகப் பெருமை.) தேசிங்குக்குக் குரல் மெல்லத் திரும்பிவிட்டது. முதல் வேலையாக மெஸ் வாசலில் வண்டி நிறுத்த இடம் கேட்டுக் கத்தினார் என்று கேள்வி.

எங்கோ ஒரு இணையதளத்தில் யாரோ ஒரு புண்ணியவான் நல்லபடியாக எழுதியிருந்தார். லீவில் வந்திருந்த பிரபு அதைக் குப்பத்தில் வலை பின்னும் இடத்தில் உட்கார்ந்து சத்தமாக மொழிபெயர்த்தான்: தூண்டில் வளைவு நம்பிக்கை தருகிறது, எதிர்காலத்தில் பெரிதாக வரும் என்று எதிர்பார்க்கலாம். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் சொன்னார்: "நம்பிக்கைதான் வருசா வருசம் குடுத்துகினு கீறாங்களேபா. கல்லு எப்ப குடுப்பாங்கன்னு அந்த ஆள கேளு."

ஆக, ஒரு ஆல்பத்தால் கடலை ஒரு முழம்கூடத் தள்ள முடியவில்லை, ஆனால் அச்சரப்பாக்கத்தில் கத்திரிக்காய் நன்றாகப் போகிறது.