பார்த்துப் போடுங்க சார்

எனக்கு வாய் அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா அதைப் பெருமையாகவே சொல்வாள். திருநெல்வேலியில் நர்சிங் முடித்து துபாய்க்கு வந்த பிறகு அந்த வாயை நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஏஜென்ஸி அனுப்புகிற இடத்துக்கெல்லாம் போகிற நர்ஸ் நான். கொஞ்ச நாள் ஒரு கிளினிக், கொஞ்ச நாள் யார் வீட்டிலாவது படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவர். இந்த வேலைக்கு ஊசி போடத் தெரிந்தால் மட்டும் போதாது, சம்பளம் பேசவும் தெரிய வேண்டும்.

துபாயின் தேரா பகுதியில் என் அறையில் கூட இருக்கும் அக்காவுக்கு அது வராது. அவர் யாழ்ப்பாணம். வேலையில் கெட்டிக்காரி, காசுப் பேச்சு வந்தால் மட்டும் வாயில் பூட்டு. கணவர் இறந்த பிறகு மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு இங்கே வந்தவர். அந்தத் தங்கைக்குக் கனடா விசா வந்துவிட்டது. மகளை இங்கே கூப்பிட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஹாஸ்டலில் போட வேண்டும். இரண்டு பேருக்கும் பழைய காண்ட்ராக்ட் ஒரே சமயத்தில் முடிந்ததால், புது ஏஜென்ஸி தேடச் சேர்ந்தே கிளம்பினோம்.

"பிள்ளை, எனக்குக் காசுக்கதை கதைக்க வராது. நீரே கதையும்" என்றார் அக்கா. கூடவே ஒரு தொகையையும் சொன்னார். "இவ்வளவு கட்டாயம் வரவேணும். அதுக்குக் கீழ எண்டால் மகளுக்கு விசா குடுக்கமாட்டாங்கள்."

"நீங்க சும்மா வாங்கக்கா, நான் பேசுதேன்" என்றேன்.

முதல் ஏஜென்ஸியில் ஓர் அரபுப் பெண்மணி இருந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே சம்பளத்தைச் சொல்லிவிட்டார். இருவருக்கும் ஒன்றுதான், இதற்கு மேல் மாஃபி, கிடையாது, யோசித்துவிட்டு வாருங்கள், கலாஸ், பேச்சு முடிந்தது. பேச இடமே கொடுக்கவில்லை. அக்காவுக்கு வேண்டிய தொகை அதில் இருந்தது. எனக்கு வேண்டியது இல்லை.

வெளியே வந்ததும் அக்காவின் முகம் தெளிந்திருந்தது. நான்தான் ஆரம்பித்தேன். "அந்தம்மா மூஞ்சியப் பாத்தீங்களா? சிரிப்பே இல்ல. நாளைக்கு ஒரு அவசரம்னா இவங்க லீவு குடுப்பாங்களாக்கா? இன்னும் ஒரு எடம் பாப்போம்." அக்கா என் பின்னாலேயே வந்தார். ஆப்ரா படகில் ஏறிக் க்ரீக்கின் அந்தப் பக்கம் போனோம்.

இரண்டாவது ஏஜென்ஸியில் மேனேஜர் தமிழர். "வாங்க சிஸ்டர், டீ சொல்லட்டுமா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நாங்கள் இரண்டு பேரும் விழுந்துவிட்டோம். சிரிக்காத பெண்மணி சம்பளத்தை முதலிலேயே சொன்னார், சிரித்த மனிதர் டீயை முதலில் சொன்னார். நாங்கள் டீயைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் புத்தி அப்படி.

முதலில் என் சம்பளம் பேசினோம். அவர் ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன். ஐ.சி.யூ. அனுபவத்தைச் சொன்னேன், லைசென்ஸைக் காட்டினேன், எழுந்து போவது போலப் பையைக்கூட எடுத்தேன். கடைசியில் நான் கேட்டதைக் கொடுத்தார். "நீங்க பொல்லாத ஆளு சிஸ்டர்" என்று சிரித்தார். அது எனக்குச் சுருக்கென்றது. நம்ம ஊர் ஆள், டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார், இப்படியா கறாராகப் பேசுவது, பேராசைக்காரி என்று நினைத்திருப்பாரோ என்று கூச்சமாகிவிட்டது.

அடுத்து, "இவங்களுக்கு எவ்வளவு எதிர்பாக்கறீங்க?" என்று கேட்டார்.

அக்கா சொன்ன தொகை என் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொன்னது வேறு. "அக்காவுக்கு நீங்களே பாத்துப் போடுங்க சார்."

எத்தனை கடையில், எத்தனை கல்யாணப் பேச்சில் நாம் சொல்லியிருப்போம் இந்த வார்த்தையை! எதிராளியின் மனசாட்சியைத் தட்டுவதாக நினைத்துச் சொல்வது. எனக்குக் கொடுத்ததையே அக்காவுக்கும் போடுவார் என்று நம்பினேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். பொய். என் சம்பளத்துக்கு நான் கறாராக இருந்தேன், என் நல்ல பெயருக்கு அக்காவின் சம்பளத்தைக் கொடுத்தேன். தனக்குப் போகத்தான் தானம் என்பார்கள். நான் தானம் செய்ததோ அக்காவின் பங்கை.

அவர் பார்த்துப் போட்டார். அக்காவுக்கு வேண்டியதற்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்தக் கொஞ்சம் குறைந்தாலும் மகளுக்கு விசா இல்லை. அக்கா பேனாவைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "போடுங்கக்கா, பெறவு கூட்டிக் கேட்டுக்கலாம்" என்றேன்.

"நீர் சொன்னால் சரி பிள்ளை" என்று கையெழுத்துப் போட்டார். காண்ட்ராக்ட் இரண்டு வருடம்.

மறு வாரம் மனசு கேட்காமல் நான் மட்டும் போய் மேனேஜரிடம் கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. "நீங்கதானே சிஸ்டர் பாத்துப் போடச் சொன்னீங்க? பாத்துத்தான் போட்டேன்" என்றார். அன்றும் டீ சொன்னார். குடிக்காமல் வந்தேன். திரும்பும் வழியில் அரபுப் பெண்மணியிடமும் கேட்டுப் பார்த்தேன், அந்த இடங்களுக்கு ஆள் எடுத்தாகிவிட்டது.

தங்கை கனடா போனார். மகள் ஹாஸ்டலுக்குப் போனாள். அறை வாடகையில் என் பங்கைக் கூட்டிக் கொடுக்கப் பார்த்தேன், அக்கா வாங்கவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். எனக்குத்தான் வாய் அதிகமாயிற்றே.

போன வெள்ளிக்கிழமை மகள் வீடியோவில் வந்தாள். அக்கா அடுப்பில் புட்டு வைத்திருந்ததால் போனை என் கையில் கொடுத்தார். அழுது முடித்த முகம் அந்தப் பிள்ளைக்கு. ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்ரி, அம்மா எல்லாம் சொன்னவ. நீங்கள் அம்மாவுக்காக எவ்வளவோ நேரம் கதைச்சனீங்களாம். நாங்கள் கேட்ட காசைத்தான் கேட்டனீங்களாம். அவங்கள்தான் தரேல்லயாம். பெரிய உதவி அன்ரி" என்றாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவருக்குக் கேட்டிருக்கும், அறை அவ்வளவு சின்னது. அவர் திரும்பவில்லை, தேங்காய்ப்பூவை அள்ளிப் புட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா" என்றேன். "கேட்டேன். தரலை."