யாரும் அமுக்காத பொத்தான்

என் மனைவிக்குக் காது மந்தமாகிவிட்டதை இந்தத் தெருவில் யாரிடமும் நாங்கள் சொல்லவில்லை. என் வேலைக்காக வல்லம் வடகாலுக்குக் குடிவந்த புதிதில் அவளுக்கு நன்றாகவே கேட்டது. பக்கத்து வீட்டம்மா மணியடித்துவிட்டு வந்து உட்கார்ந்து பேசுவார். பிறகு அவர் வருவது நின்றுபோனது. ஒருநாள் கடை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், வூட்டம்மா ஊருக்குப் போய்ட்டாங்களா? மணி அடிச்சி அடிச்சி என் வெரலு தேஞ்சதுதான் மிச்சம்."

"ஆமாம்மா, போயிருந்தா" என்றேன்.

அன்றுதான் அவளுக்காக ஒரு விளக்கு செய்ய முடிவெடுத்தேன். கேட்டில் ஒரு பொத்தான். அமுக்கினால் சமையலறையில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். நடுவில், பொத்தானைக் கவனித்து விளக்கை எரியவைக்கத் தீப்பெட்டியளவு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. வீடியோக்களைப் பார்த்து ஒயர்களை இணைத்து புரோகிராமை ஏற்றினேன். அமுக்கியபோது எரிந்தது. யாரும் அமுக்காதபோதும் எரிந்தது.

நான் ஷிப்டுக்குப் போன நேரங்களில் அவள் அடுப்பைத் தணித்துவிட்டு ஓடி ஓடிப் போய் கேட்டைத் திறந்திருக்கிறாள்.

"யாரோ வாராங்க. நான் போறதுக்குள்ள போயிருதாங்க" என்றாள். சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. அது பழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது என்று நினைத்தேன்.

இணையக் குழு ஒன்றில், 'விளக்கு தானாக எரிகிறது, போர்டு பழுது என நினைக்கிறேன், உதவவும்' என்று எழுதி, சிக்கலான ஒயர்களின் படம் ஒன்றையும் போட்டேன். ஒரே ஒருவர் பதில் எழுதினார்.

"டாக்டர்கிட்ட போய் 'கிட்னி போச்சு, மாத்திரை கொடுங்க'ன்னா கேப்பீங்க? எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க சார்."

கம்பெனியில் நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். 'மெஷின் சரியில்லை' என்று மட்டும் எழுதி வரும் சிவப்புப் பழுது அட்டையை வாங்காமல் திருப்பி அனுப்புபவன். அதே அட்டையைத்தான் நான் அந்தக் குழுவுக்கு அனுப்பியிருந்தேன்.

விடுமுறை நாளில் மறுபடி உட்கார்ந்தேன். பொத்தானையும் விளக்கையும் தவிர மற்றதையெல்லாம் போர்டிலிருந்து கழற்றினேன். அப்போதும் எரிந்தது. எந்த ஒயர் எங்கே போகிறது என்று தாளில் வரைந்தேன். அதைப் படமெடுத்து, புரோகிராமையும் முழுவதுமாகக் குழுவில் போட்டேன். என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கிறது, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று என்று எழுதினேன். தண்ணீர் மோட்டார் ஓடும்போது அதிகம் எரிகிறது என்பதையும் சேர்த்தேன். போர்டு பழுது என்ற என் தீர்ப்பை மட்டும் எடுத்துவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் அதே ஆள் எழுதினார்: "அமுக்காதப்போ பொத்தான் ஒயர் எதோடயும் சேரலையே சார். சும்மா தொங்குது. பக்கத்துல மோட்டார் ஓடுனாக்கூட அமுக்குனதா நினைச்சுக்கும். அங்கேருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போடுங்க, அமுக்குற வரைக்கும் ஒயரை அது புடிச்சு வெச்சுக்கும்."

போட்டேன். விளக்கு அடங்கிவிட்டது; அமுக்கினால் மட்டும் எரிந்தது.

சில நாட்கள் கழித்து அவள் கேட்டாள். "விளக்கு எரியவே இல்லையே, கெட்டுப்போச்சா?"

அவள் முகத்துக்கு நேராக நின்று, "இப்பத்தான் சரியாயிருக்கு. முன்ன எரிஞ்சது ஒயர் கோளாறு" என்றேன்.

"அப்ப யாருமே வரலையா?"

இல்லை என்று தலையசைத்தேன். அவள் கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிளறத் தொடங்கினாள்.

"பக்கத்து வீட்டுல விவரத்தைச் சொல்லிருதேன். அமுக்கிட்டு செத்த நேரம் நிக்கச் சொல்லுதேன்" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம். செவிடுன்னு தெருவெல்லாம் தண்டோரா போடணுமாக்கும்?"

நான் போகவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கு அவ்வளவு விவரமாக எழுதியவன், அந்த விளக்கு யாருக்கு என்று அவர்களிடமும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது ஷிப்டு முடிந்து வரும்போது சாவி என் பையில்தான் இருக்கிறது. எடுப்பதில்லை. பொத்தானை அமுக்கிவிட்டு, அவள் வந்து திறக்கும்வரை கேட்டில் நிற்கிறேன்.