சொந்த மகளிடம் பெயர் கேட்ட நாள்

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு நா எழாது. ரப்பர் வெட்டுகிறவன், நாலாம் வகுப்போடு நிறுத்தியவன். ஆனாலும் கர்த்தர் எங்கள் வீட்டுக்குச் செய்ததை மூடிவைக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கேரள எல்லையில், வெள்ளறடைப் பக்கம் எங்கள் வீடு. என் மனைவி கிறேஸ் படித்தவள். ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் உதவி அறையில் வேலை. அவளுக்கும் கூட வேலை பார்க்கும் சஜி என்ற தம்பிக்கும் ஒரே பதவிதான். ஆனால் அழுதுகொண்டு வருகிற பிள்ளைகளை எல்லாம் இவளிடமே அனுப்புவார்கள். பெண் என்றால் தாய் மனது இருக்குமாம். சஜிக்குக் கம்ப்யூட்டர் வேலை. பரீட்சையில் தோற்றவர்கள், காதல் முறிந்தவர்கள், சாக நினைத்தவர்கள், எல்லாரையும் இவள் நெஞ்சில் வாங்கினாள். வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமல் சுவரைப் பார்த்திருப்பாள். கேட்டால், "ஒண்ணுமில்ல, தலைவலியாக்கும்" என்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். பிளஸ் டூ படிக்கும் எங்கள் மகள் ஷைனி, தோழியோடு சண்டை என்று அழுதுகொண்டு அம்மா பக்கத்தில் போய் நின்றாள். வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுவோம். கிறேஸ் நிமிர்ந்து, வேலை இடத்து மலையாளத்தில், மிகவும் தன்மையாக, "கரயண்டா மோளே, இரிக்கு. பேரெந்தா?" என்றாள்.

அழாதே, உட்கார், பெயர் என்ன என்று. பெற்ற பிள்ளையிடம்.

ஷைனியின் அழுகை அப்படியே நின்றது. "அம்மா, நான் உனக்க மொவளாக்கும்" என்றாள். கிறேஸ் விளங்காமல் பார்த்தாள். பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. அன்று மாலை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். எங்கள் பக்கத்தில், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்ற ஜெபக்குறிப்பைப் பெண்கள்தான் சொல்வார்கள். ஆண்கள் தலை குனிந்து ஆமென் சொல்வோம். கூட்டத்துக்கு வரும் அக்காமாரும் தங்கள் பாரத்தைக் கிறேசிடம்தான் இறக்குவார்கள். அன்றும் ஓர் அக்கா, "பிள்ளே கிறேஸு, ஒரு காரியம் சொல்லட்டா" என்று அவள் கையைப் பிடித்தார்.

நான் எழுந்துவிட்டேன். "அக்கா, அவளிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அவளுக்க உள்ள இனி இடம் இல்ல. அவளுக்காக ஜெபியுங்க."

"எலே, உனக்கும் நாக்கு உண்டா?" என்றார் பின்னாலிருந்து ஓர் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. நான் முழங்காலில் விழுந்தேன். முதல் முறையாக நாலு பேர் முன்னால் சத்தமாக ஜெபித்தேன். "ஆண்டவரே, எல்லாருக்க கண்ணீரையும் இவ சுமக்கியா. இவகூடச் சுமக்க ஒரு ஆளத் தாரும்." அவ்வளவுதான் வந்தது.

மறுநாள் காலையில் சஜி, பனச்சமூட்டில் பஸ் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வீட்டு முற்றத்தில் வந்து நின்றான். நாங்கள் அவனுக்கு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. கிறேசைப் பார்த்துச் சொன்னான்:

"நேத்து சேச்சி வரல்ல. கதவுக்கு வெளிய நின்ன கூட்டத்தப் பாத்து எனக்குப் பயமாயிட்டு. இவ்வளவையும் சேச்சி ஒத்தைக்கா கேட்டீங்க? ஆம்பிளைக்குக் கேக்கத் தெரியாதுன்னு என்னை மாத்தி இருத்தினாங்க. பாதிப் பிள்ளைகள் இனி என்கிட்ட வரட்டும்னு ஆபீசரிட்ட சொல்லிட்டேன். சம்மதிச்சாங்க."

"எப்போ சொன்ன மக்கா?" என்று கேட்டேன்.

"சாயங்காலம், ஆபீஸ் அடைக்கும்போ."

நான் முழங்காலில் கிடந்த நேரம் அது.

கிறேசுக்கு விடுப்புக் கிடைத்தது. டாக்டரிடமும் போனோம். இப்போது மறுபடி வேலைக்குப் போகிறாள். பையன்கள் பலரும் சஜியிடம்தான் போகிறார்களாம். மாலையில் சாயா போட்டுக் கொடுத்து அவள் பேச்சைக் கேட்பது என் வேலை.

என்னைப் போல் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும் சகோதரர்களே, உங்கள் வீட்டில் ஒருத்தி சுவரைப் பார்த்திருந்தால் தலைவலி என்று விட்டுவிடாதீர்கள். வாய் திறந்து ஆண்டவரிடம் கேளுங்கள். என்னுடைய இரண்டு வரியையே அவர் கேட்டார்.

போன வாரம் ஷைனி மறுபடி அழுதுகொண்டு வந்தாள். நான் கிறேசின் முகத்தைப் பார்த்தேன்.

"எட்டி ஷைனி, மூக்கத் துடச்சிட்டு வா. சோறு தின்னுட்டு அழலாம்" என்றாள் கிறேஸ்.