பட்டர் பேப்பரில் ஒரு கை

விஸ்வகர்மா பூஜையன்று எனக்கு வேலை கிடையாது. கல்கத்தாவில் அன்றைக்கு ஒரு ஸ்பேனரைக்கூட யாரும் தொட மாட்டார்கள். பஸ்ஸுக்கு மாலை, ரிக்‌ஷாவுக்கு மாலை, லேத் பட்டறைகளில் சீரியல் விளக்கும் ஒலிபெருக்கியும், மேலே வானம் முழுக்கப் பட்டம். பெஹாலாவில் என் பட்டறையிலும் கிரைண்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சில வாரம் கழித்து நம் ஆயுத பூஜை வரும். அன்றைக்கும் எதையும் தொடக்கூடாது என்பாள் அம்மா. இரண்டு ஊர்ச் சாமிக்கும் பயந்து இரண்டு நாள் லீவு விடுகிற ஒரே கத்திக் கம்பெனி என்னுடையதாகத்தான் இருக்கும். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முதலாளி, தொழிலாளி, கூட்டிப் பெருக்குகிறவள் எல்லாம் நான் ஒருத்திதான்.

சும்மா இருக்கப் பிடிக்காமல் அலமாரியை ஒழிக்க ஆரம்பித்தேன். அடித்தட்டில் கைகளின் ஃபைல் இருந்தது. பயப்பட வேண்டாம், எல்லாம் காகிதக் கைகள். என்னிடம் கத்தி கேட்டு வருகிறவர்களை முதலில் மேஜைமேல் தாளை விரித்துக் கையை வைக்கச் சொல்வேன். பென்சிலால் விரல் விரலாகச் சுற்றி வரைந்துகொள்வேன். அந்தக் கைக்குத் தகுந்தபடிதான் பிடியைச் செதுக்குவேன். தாளின் கீழே பெயர், எதை நறுக்குகிறவர், நின்றா உட்கார்ந்தா என்ற விவரம். ஓரத்தில் இ அல்லது வ. இடது, வலது. இப்படி நூற்றுக்கணக்கான கைகள் என்னிடம் இருக்கின்றன. ஒரு ஜோசியக்காரனுக்குக் கிடைத்தால் அவன் பேரன் காலம் வரை உட்கார்ந்து சாப்பிடலாம்.

அவற்றுக்கு நடுவே எண்ணெய் ஊறி மஞ்சளாகிப்போன ஒரு பட்டர் பேப்பர். எடுத்து முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் லேசாக பஜ்ஜி வாசனை வந்தது. ஒருவேளை என் மூக்கு அதைக் கற்பனை செய்துகொண்டிருக்கலாம். எண்ணெய் வாசனை விஷயத்தில் என் மூக்கை அவ்வளவாக நம்ப முடியாது.

ஏன் என்றால், தொழில் தொடங்கிய புதிதில் எஃகைப் பதப்படுத்த நான் கடுகெண்ணெய் வைத்திருந்தேன். கத்தியை நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால்தான் விளிம்பு கெட்டிப்படும். அதற்கென்று தனி எண்ணெய் விற்கிறார்கள் என்று அப்போது தெரியாது. பெஹாலாவில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கிற எண்ணெய் கடுகெண்ணெய், அதையே ஒரு டின் வாங்கி வைத்தேன். ஒவ்வொரு முறை முக்கும்போதும் தெருவே கமறும். மாடியிலிருந்து வீட்டுக்கார மாஷிமா எட்டிப் பார்த்து, "கீ ரே, ஆஜ் இலிஷ் நாகி?" என்று, இன்றைக்குக் கடுகெண்ணெயில் இலிஷ் மீனா என்று ஆசையாகக் கேட்பார். இல்லை மாஷிமா, லாரி ஸ்பிரிங் என்பேன். கிடர்பூர் பழைய உதிரிக் கடைகளில் வாங்கிய லாரி ஸ்பிரிங் பட்டைகள்தான் என் முதல் கத்திகள். இலிஷ் மீன் இல்லை என்றதும் அந்த அம்மாள் முகம் வாடும் பாருங்கள், அதற்காகவே ஒருநாள் மீன் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்கு முன்னால் நான் கார்டன் ரீச் பக்கம் கப்பல் பழுது பார்க்கிற ஓர் அலுவலகத்தில் படம் வரைகிறவளாக இருந்தேன். அங்கே சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள், இடம் வலம் குறிக்காத படம் படமே இல்லை என்று. கப்பலின் இடப்பக்கத்துத் தகடு வலப்பக்கத்துக்கு ஒத்துவராது. குறிக்காமல் அனுப்பினால் யாரோ ஒரு டன் இரும்பைத் தப்பாக வெட்டுவார்கள். ஒன்பது வருஷம் இ, வ, இ, வ என்று எழுதியே வயதானேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கத்தி செய்யப் போகிறேன் என்றபோது, "ஒரு வருஷம் பாரு, இல்லேன்னா திரும்பப் போயிடு" என்றார் என் கணவர். அவர் நல்லவர், அதனால் ஒரு வருஷம். அம்மா ஒரு வாரம்தான் கொடுத்தாள். "படிச்ச பொண்ணு சாணை பிடிக்கப் போறாளாம்" என்று போனில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்ததோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அந்த முதல் வருஷத்தில்தான் செல்வி இந்த பட்டர் பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

செல்வி, முத்தையா அண்ணாச்சியின் மகள். அண்ணாச்சி கிடர்பூரில் துறைமுக வாசலுக்குப் பக்கத்துச் சந்தில் மெஸ் வைத்திருந்தார். திருநெல்வேலிக்காரர். அங்கே சாப்பிட வருகிற வங்காளி குமாஸ்தாக்கள் அண்ணாச்சி என்பதுதான் அவர் பெயர் என்று நினைத்து, மரியாதைக்கு 'தா'வும் சேர்த்து 'அண்ணாச்சிதா' என்பார்கள். ஒரே மனுஷன் தமிழிலும் அண்ணன், வங்காளத்திலும் அண்ணன். என் அப்பாவுக்கு அப்போது துறைமுகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு ஓய்வு என்ற பெயரில் எங்களை அங்கே சொதி சாப்பிட அழைத்துப் போவார். எனக்குச் சாப்பாட்டைவிட அண்ணாச்சி பீன்ஸ் நறுக்குவதைப் பார்க்கத்தான் பிடிக்கும். பலகையைப் பார்க்கவே மாட்டார். வாசலில் வருகிறவர்களை விசாரித்துக்கொண்டே இருப்பார், கை பாட்டுக்குப் பொடிப்பொடியாகக் குவித்துக்கொண்டே போகும். நான் வாயைப் பிளந்து பார்ப்பதைக் கண்டு, "புள்ளைக்கு ஈ உள்ள போயிரும், வாய மூடச் சொல்லுங்க" என்பார் அப்பாவிடம். கத்தி என்கிற சாமான்மேல் எனக்கு எப்படிப் பித்துப் பிடித்தது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால் அழகாக ஏதாவது சொல்லி வைப்பேன். உண்மை அந்த பீன்ஸ்தான்.

அவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கேள்விப்பட்டிருந்தேன், போய்ப் பார்க்கவில்லை. தொழில் மும்முரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செல்வி வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து, "தீதி, அப்பா கிச்சன் பக்கமே வர மாட்டேங்காங்க. சாராதின், நாள் பூரா சுவத்தையே பாத்துட்டு இருக்காங்க" என்றாள். "பூஜோ முடிஞ்சதும் கடைய மூடிட்டு ஊருக்குப் போயிரலாம்னு அம்மா சொல்லுதாங்க. அங்க போனா அப்பா அவ்ளோதான் தீதி. யாரத் தெரியும் அங்க?"

நான் என்ன செய்யட்டும் என்றேன். பேப்பரை நீட்டினாள். அப்பா மத்தியானம் தூங்கும்போது, பஜ்ஜி பார்சல் கட்டுகிற பட்டர் பேப்பரைக் கைக்கு அடியில் வைத்து வரைந்திருக்கிறாள். "அவங்க நல்ல கை. அந்தக் கைக்கு ஏத்த மாதிரி ஒரு கத்தி செஞ்சு குடுங்க. கையில வச்சா எந்திரிச்சு வருவாங்க."

நல்ல கை என்றாள். எந்தக் கை என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஓரத்தில் எழுத்து இல்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை. மேஜைமேல் விரித்தபோது கட்டைவிரல் இடப்பக்கம் பார்த்தது. சரி, வலது கை, என்று கிரைண்டரைப் போட்டுவிட்டேன். எண்ணெய்த் தாளைத் திருப்பிப் போட்டாலும் கோடு தெரியும், இடது வலதாகிவிடும் என்கிற புத்தி, ஒன்பது வருஷம் கப்பல் வரைந்தவளுக்கு வரவில்லை. கடைந்தெடுத்த மடத்தனம், வேறென்ன சொல்ல.

அந்தக் கத்திக்கு உழைத்ததுபோல் நான் எதற்கும் உழைத்ததில்லை. பிடிக்கு பர்மா தேக்கு. கிடர்பூரில் இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய வீட்டின் பச்சை ஜன்னல் கதவிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு விரலும் தானாகப் போய் உட்கார ஒரு பள்ளம், கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு குழி. வழுக்கக்கூடாது என்று பாலிஷ் போடாமல் உப்புத்தாளோடு நிறுத்திக்கொண்டேன். அலகை ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்தேன், துண்டுகள் விலகி விழும்படி. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று பஸ் ஏறினேன். நல்ல புடவை வேறு கட்டிக்கொண்டு போனேன், அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

அண்ணாச்சி மெஸ்ஸின் பின்கட்டில், ஓடாத கிரைண்டருக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். மடியில் துண்டு, துண்டுக்கு அடியில் ஒரு கை. இன்னொரு கையை நீட்டி என்னிடமிருந்து கத்தியை வாங்கினார். இடது கை. அவர் விரல்கள் பிடியின்மேல் இப்படியும் அப்படியும் நகர்ந்தன. பள்ளம் இருக்கவேண்டிய இடத்தில் மேடு, கட்டைவிரல் போய் நிற்க இடமே இல்லை. செல்விக்குத்தான் முதலில் புரிந்தது.

"தீதி! இது டான் ஹாத்! வலது கை!"

அண்ணாச்சி கத்தியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, கேலி பண்ணுதியா?"

நான் ஏதோ உளறினேன். பேப்பர், எண்ணெய், இன்னொன்று செய்து தருகிறேன் என்று. அவர் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டார். "வேண்டாம். பீச்சாங்கையால நறுக்கி ஊருக்குச் சோறு போடுத எண்ணம் எனக்கு இல்ல. நாப்பது வருசமா இந்தக் கடையில ஒருத்தன் இலையில எடக்கை பட்டதில்ல." செல்வி ஏன் இடது என்ற சொல்லையே எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தியைத் திரும்ப எடுக்கவும் கை வரவில்லை. அங்கேயே போட்டுவிட்டு வந்து, பஸ்ஸில் தாராதலா வரும்வரை அழுதேன். கண்டக்டர் டிக்கெட்கூடக் கேட்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு டாக்ஸி பட்டறை வாசலில் வந்து நின்றது. செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி இறங்கினார். ஒரு கால் இழுத்தது. உள்ளே வந்து மேஜைமேல் இடது கையை விரித்து வைத்தார்.

"வரைஞ்சுக்கோ. இது எடது. எழுதிக்கோ."

நான் பென்சிலை எடுத்துக்கொண்டு நின்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாதி வாயில் வந்த சிரிப்பு.

"யோசிச்சுப் பாத்தேன். கப்பலுக்கே எடம் வலம் எழுதுன புள்ளை நீ. உனக்கே எது எந்தக் கைன்னு தெரியல. வெங்காயத்துக்கா தெரியப் போவுது?"

சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை, இரண்டும்தான். வரைந்து முடித்துப் பெரிதாக 'இ' என்று எழுதி அவருக்குக் காட்டினேன். போகும்போது, அந்தப் பழைய கத்தியைக் கொடுங்கள், பிடியை மாற்றுகிறேன் என்று கேட்டேன். "அதயா? காயலாங்கடையில போட்டாச்சு" என்றார். மனசுக்குள் சுருக்கென்றது. என் தப்புக்கு அது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பூஜை முடிந்தும் கடையை மூடவில்லை. இடக்கைக் கத்தியோடு அண்ணாச்சி மறுபடியும் பலகைக்கு வந்தார். முதலில் பூசணிக்காய், பிறகு கத்தரிக்காய். கார்த்திகை வாக்கில் பீன்ஸ் பொரியல் திரும்பி வந்தது. பழைய பொடி இல்லை, கொஞ்சம் பெரிசு பெரிசாகத்தான் இருந்தது. எந்தக் குமாஸ்தாவும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஐந்து வருஷம் நறுக்கினார். எனக்கும் அந்த மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் வழியாகத்தான் ஆர்டர்கள் வரத் தொடங்கின. கணவர் கொடுத்த ஒரு வருஷம் எப்போது முடிந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

போன குளிர்காலத்தில் செல்வி வந்தாள். அண்ணாச்சி போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. தூக்கத்திலேயே, கல்கத்தாவிலேயே. அதற்கு முன்பே மெஸ் இருந்த கட்டடத்தை இடிக்க எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இப்போது அந்தச் சந்தில் போனால் தகர வேலியும் அதன்மேல் ஒட்டிய ஃப்ளாட் விளம்பரமும்தான் இருக்கும். ஆனந்தபஜார் பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்த இரண்டு பொட்டலங்களை மேஜையில் வைத்தாள்.

ஒன்று இடக்கைக் கத்தி. தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. அடுத்த பொட்டலத்தைப் பிரித்தால், நான் தப்பாகச் செய்த கத்தி. அலகுக்குக் காலண்டர் அட்டையில் உறை தைத்திருந்தது.

"தலகாணிக்கு அடியில இருந்திச்சு தீதி. மத்தியானம் கடை மூடினதும் மடியில துண்டப் போட்டுட்டு உக்காந்திருப்பாங்க. தூங்கறாங்கன்னுதான் நாங்க நெனச்சோம்."

உறையை உருவினேன். தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்த அலகில் ஒரு கீறல் இல்லை. நான் சாணை பிடித்த கோடுகள் அப்படியே இருந்தன. அது ஒரு வெங்காயத்தைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் பிடி கறுத்து மின்னியது. கட்டைவிரல் குழி மின்னியது, ஆள்காட்டி விரலின் பள்ளம், நடுவிரலின் பள்ளம் மின்னின. கடைசி இரண்டு விரல்களின் பள்ளங்களில் மட்டும் என் உப்புத்தாளின் சொரசொரப்பு அப்படியே இருந்தது. ஐந்து வருஷத்தில் அவருடைய வலது கை எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பது என் விரலுக்குத் தெரிந்தது. இன்னும் இரண்டு விரல்தான் பாக்கி.

தேய்ந்த கத்தியைத் தன் கைக்கு மாற்றித் தரச் சொல்லிச் செல்வி கொடுத்துவிட்டுப் போனாள். மற்றதை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

இந்த பட்டர் பேப்பர் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் இடக்கை, திருப்பினால் வலக்கை. அந்தக் கைகள் இரண்டும் இப்போது இல்லை. ஃபைலில் உள்ள எல்லாத் தாள்களிலும் ஓரத்தில் ஓர் எழுத்து இருக்கிறது. இதிலும் எழுதிவிடலாம் என்று பென்சிலை எடுத்தேன். விஸ்வகர்மா பூஜையன்று கருவியைத் தொடக்கூடாது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு, எழுதாமலே உள்ளே வைத்தேன்.