பவளப்பாறை எப்படி இருக்கு என்று எட்டு வருடம் கேட்டவன்

கடலில் முங்கி எழுந்தவரிடம் "கீழே எப்படி இருக்கு?" என்று கேட்டு எழுதிக்கொள்வதுதான் எங்கள் வேலை, கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். எழுபதுகளில் திருப்பதிக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறையில் நான் கள உதவியாளன். வருடம் தவறாமல் மார்ச் மாதம் ராமநாதபுரம் கடற்கரைக்குப் போய், ஒரு தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறை செழிக்கிறதா அழிகிறதா என்று சங்கு எடுக்க முங்குகிறவர்களிடம் விசாரிக்க வேண்டும். படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்த சகாக்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

கோணிப்பையில் எலும்பு

முதல் வருடம் செத்த பவளத் துண்டுகளைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன். பாகாலா ஸ்டேஷனில் வண்டி ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. பை அவிழ்ந்து நாலைந்து துண்டுகள் வெளியே உருண்டன. வெள்ளை வெளேரென்று, கிளை கிளையாக. எதிர் சீட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாள் காலைச் சட்டென்று மேலே தூக்கிக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா, இது பவளம். கடல்ல இருக்கிற சின்னச் சின்னப் பிராணிங்க சேர்ந்து கட்டினது. அதுங்க செத்துப்போச்சு" என்று விளக்கினேன். விளக்காமலே இருந்திருக்கலாம். "பிராணி", "செத்துப்போச்சு" என்ற இரண்டு வார்த்தைகள் பெட்டி முழுக்கப் பரவின. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வேறு இடம் தேடிப் போனார்கள். அந்த அம்மாள் மட்டும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எல்லாரும் எலும்ப எடுத்துக்கினு போய் தண்ணில கரைப்பாங்க, நீ தண்ணிலேர்ந்து எடுத்துக்கினு வர்றியே, உனக்குப் புத்தி சொல்ல யாரும் இல்லியா நைனா?"

ஒரே கடல், ரெண்டு பதில்

எங்களுக்கு வாய்த்த முக்கியமான சாட்சிகள் இரண்டு பேர். சவரிமுத்துவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும்; மீசை முளைக்காத காலத்திலிருந்து சங்கு குளிக்கிறவர். காதருக்கு இருபத்தைந்து. ஒருநாள் ஒரே படகில் போய், ஒரே இடத்தில், அடுத்தடுத்து முங்கினார்கள். என்னிடம் இருந்த படிவத்தில் நல்லது, சுமார், மோசம் என்று மூன்று கட்டங்கள்.

"பாரு செத்துப் போச்சு சார்" என்றார் சவரிமுத்து. அவர்கள் பவளப்பாறையைப் பார் என்றுதான் சொல்வார்கள். "நான் வந்த புதுசுல கால் ஊன இடம் இருக்காது. மான்கொம்பு கணக்கா நெருக்கிக்கிட்டு நிக்கும். தொடையெல்லாம் கிழிச்சுப்புடும். இப்ப உள்ள நடந்து போகலாம்."

காதர் தலையைத் துவட்டிக்கொண்டே, "அருமையா இருக்கு சார். கலர் கலரா மீனு. நல்லதுன்னு போடுங்க" என்றான்.

சவரிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. படகு ஆடும் அளவுக்குச் சண்டை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "பெரியவர் இவ்வளவு சொல்றாரே, முன்னைக்கு இப்ப கெட்டுப்போயிருக்கா இல்லையா?" என்று காதரையே கேட்டேன். "அவரு கல்யாணத்துல சாப்பாடு நல்லா இருந்துச்சான்னு என்கிட்ட கேட்டா எப்படி சார், நான் அப்பப் பொறக்கவே இல்லையே!"

பாதி செத்தது

இரண்டு படிவங்களையும் திருப்பதியில் பேராசிரியர் மேஜையில் வைத்தேன். அவர் கடப்பாக்காரர், என்னிடம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார். "ஒக்கரு செத்துப்போச்சு அண்டாரு, ஒக்கரு நல்லா இருக்கு அண்டாரு. மத்யலோ போடு" என்றார், ஒருத்தர் அப்படி, ஒருத்தர் இப்படி, நீ நடுவில் போடு என்று. ஆகவே அறிக்கையில் "சுமார்" ஏறியது. அடுத்த வருடமும் அதே. அதற்கடுத்த வருடமும்.

எங்கள் டைப்பிஸ்ட் சாமுவேல் சித்தூர்ப் பையன், என் தெருக்காரன். மூன்றாம் வருட அறிக்கையை அடித்துக்கொண்டிருந்தவன் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "பாதி செத்தவன ஆஸ்பத்திரில வார்டுல போடுவாங்களா, பொணவறைல போடுவாங்களா அண்ணா?"

என் கையெழுத்து

அடுத்தவர் கண்ணை நம்பினால் சரிப்படாது என்று, சித்தூர்க் கிணறுகளில் நீந்திப் பழகிய தைரியத்தில் நானும் முங்க ஆரம்பித்தேன். வருடா வருடம் பார்த்துவிட்டு வந்து, "சென்ற ஆண்டைப் போலவே உள்ளது" என்று எழுதினேன்; கட்டத்தில் "சுமார்" அப்படியே தொடர்ந்தது. சத்தியமாக எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

எட்டாம் வருடம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. சுண்ணாம்புச் சூளைகளுக்காக அந்தப் பவளப்பாறையைக் கல் கல்லாக உடைத்துப் படகில் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்; அதைத் தொடர விடலாமா என்று எங்கள் அறிக்கையை வைத்து முடிவு செய்வார்களாம். எட்டு வருடக் குறிப்புகளையும் சேர்த்து அடிக்க சாமுவேலிடம் கொடுத்தேன். இரண்டாம் நாளே இரண்டு நோட்டுகளோடு வந்து நின்றான்.

"மொத வருசம் என்னா எழுதிக்கிற பாரு" என்று படித்தான். "பவளம் ஒடியாமல் நங்கூரம் போட மணல் திட்டு தேடி அரை மணி நேரம் சுற்றினோம்." அடுத்த நோட்டைத் திறந்தான். "இந்த வருசம், 'போன இடத்திலேயே நங்கூரம் போட்டோம்.' அப்ப அந்தப் பவளம் எங்க போச்சு?"

இடம் மாறியிருக்கும் என்றேன். அதே இடம் என்று வரைபடம் காட்டியது. தண்ணீர் கலங்கலாக இருந்திருக்கும் என்றேன். நிசமாகவே கோபம் வந்து கத்தினேன். அவன் பொறுமையாக நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினான். "என்னாண்ட எதுக்குண்ணா கத்துற, ரெண்டும் உன் கையெழுத்துதான?"

நம்பிக்கை

அறிக்கையைத் திருத்தினோம். எட்டு "சுமார்"களையும் நீக்கிவிட்டு, சவரிமுத்து சொன்னதைச் சொன்னபடியே ஏற்றி, கல் எடுப்பதை உடனே நிறுத்தவேண்டும் என்று எழுதினேன். பேராசிரியர் என்னை ஒரு வாரம் திட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு வருடம் கழித்துத்தான் கல் எடுக்கத் தடை வந்தது. அந்த ஒரு வருடத்தில் எத்தனை படகுக் கல் போயிற்றோ, நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தைரியம் இல்லை.

சவரிமுத்துவைத் தேடிப் போனேன். காது இரண்டும் போய், முங்குவதை விட்டுவிட்டு வீட்டு வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். "நீங்க சொன்னதுதான் சரி" என்று தெருவே கேட்கிற மாதிரி நாலு தடவை கத்தினேன். புரிந்ததும் வலையைக் கீழே வைத்தார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. "எட்டு வருசமா என்கிட்ட கேட்டீங்களே சார், ஒரு தடவையாச்சும் நம்புனீங்களா?"

மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தவர் ஒழுங்காகத்தான் பார்த்தார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நிதானமாக எழுதிய நான்தான் கோட்டை விட்டேன்.